'நிறமில்லை' என்று சொல்வதற்கு முன்

மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, நாங்கள் ஆறு பேரும் டயாலிசிஸ் மையத்தின் பெஞ்சில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் அறை பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்கும் தங்கவேல் கடற்படையில் இருந்தவர், ஒரு நாளும் தாமதமாக வந்தவரில்லை. கடற்படைக்காரருக்கும் தூக்கம் வருமாட்டம் இருக்குது என்று நான்தான் முதலில் கிண்டலடித்தேன். கால்மணி நேரம் கழித்து, செல்வி சிஸ்டர் போனைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். பல்லடம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொரிக்கும் இயந்திரத்தைச் சரிசெய்யப் போன தங்கவேல், முந்தைய நாள் சாயங்காலம் அதன் பக்கத்திலேயே மாரடைப்பு வந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது. அதைக் கேட்டதும் என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அப்ப இன்னிக்குத் தண்ணி யாருங்க தொறப்பாங்க?"

காலை பேட்ச் நண்பர்களே, நீங்கள் யாரும் என்னைத் திட்டவில்லை. உங்கள் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. அந்த அளவுக்கு நம் உயிர் அந்த மனிதரின் கையில் இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பொள்ளாச்சி–கோயமுத்தூர் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். இரண்டு சிறுநீரகமும் போய் நாலு வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் இயந்திரம்தான் என் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. அதற்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் ரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் போடும் குளோரின் துளியூண்டு மிச்சமிருந்தாலும் ரத்தம் கெட்டுப்போகும், ஆளே போய்விடுவார். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டவர் தங்கவேல்.

ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகன். டிப்ளமோ முடித்துக் கடற்படைக்குப் போய், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலில் டெக்னீஷியனாக இருந்தார். அணு உலை எப்படியிருக்கும் என்று கேட்காத ஆள் இந்த மையத்தில் கிடையாது. "தண்ணியக் காயவெக்கிற வேலைதானுங்க," என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மனைவி சரஸ்வதியம்மாளிடமே சொன்னதில்லையாம். ஆனால் பம்ப், வெல்டிங், கரண்ட், மீட்டர், டீசல் இன்ஜின், காற்றைச் சுத்தம் செய்வது, தண்ணீரைச் சோதிப்பது என்று அவருக்குத் தெரியாத வேலை இல்லை. இத்தனையும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டால், கடலுக்கு அடியில் போய்விட்டால் பட்டறை ஏது, கூட இருக்கிற ஆள்தான் பட்டறை என்று சிரிப்பார். ஒரு நாள் பெருந்துறையில் பாய்லர், மறுநாள் ஏதோ தேங்காயெண்ணெய் ஆலையில் மோட்டார். என் வீட்டு மிக்ஸி மட்டும் அவருக்கு அடங்கவில்லை. மூன்று தடவை பிரித்து மாட்டினார், மூன்று தடவையும் புகைதான் வந்தது. "இதுக்கு நீர்மூழ்கியே தேவலாமுங்க," என்று கைகூப்பிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நான் அவரை ஓட்டாத நாளில்லை.

தினமும் காலையில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். இல்லையென்றால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். அவர் "நிறமில்லை" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் பார்த்துவிட்டு "நிறமில்லை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் வால்வில் கை வைப்பார். கப்பலில் அப்படித்தானாம், ஒருத்தன் கண்ணை மட்டும் நம்பி எதையும் திறக்க மாட்டார்களாம். எப்போதும் முதலில் வந்து உட்காருகிறவன் நான் என்பதால் அந்த இன்னொருவர் நானாகிப்போனேன். எங்கள் பஸ்ஸிலும் டிரைவர் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் என் விசில் இல்லாமல் வண்டி நகராது என்றேன். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று முதல் என்னை 'விசில்காரரே' என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு சனிக்கிழமை எனக்கு மூச்சு வாங்கியது. இயந்திரத்தில் படுத்தால் போதும் என்றிருந்தது. அவர் குழாயைத் தூக்கி "நிறமில்லை" என்றார். நானும் "நிறமில்லை" என்றேன். அவர் வால்வுப் பக்கமே போகவில்லை. குழாயை என் மூக்குக்கு நேராக நீட்டினார். ரோஸ். வேண்டுமென்றே சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார் மனுசன்.

"என்ற வாயப் பாத்துச் சொல்லிப்போட்டீங்க. கண்ணுல பாத்தத மட்டும் சொல்லுங்க, விசில்காரரே. நாஞ் சொன்னத நீங்க திருப்பிச் சொன்னா, அங்க ரெண்டு பேரு இல்லீங்க, ஒருத்தன்தான் இருக்கறான்."

கோபத்தில் அவரை என்னென்னவோ பேசினேன். சாகக் கிடக்கிறவனிடம் பரீட்சை வைக்கிறாயா என்று கத்தினேன். அவர் போய் நல்ல தண்ணீரைப் பிடித்து வந்து மறுபடி தூக்கிக் காட்டினார். இந்தத் தடவை நன்றாகப் பார்த்துச் சொன்னேன்.

அவர் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கடைசிச் சனிக்கிழமை, குழாயைப் பிடித்த கை லேசாக நடுங்கியது. என்ன ஆச்சுங்க என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க, கேஸு புடிச்சிருக்குது," என்றார். கேஸுதான், கொஞ்சம் சுடுதண்ணி குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். பக்கத்து அறையிலேயே டாக்டர் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாலு மணி நேரம் அவர் திறந்துவிட்ட தண்ணீரில் என் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு கிடந்தேன்.

எழவு வீட்டில் சரஸ்வதியம்மா என்னைக் கூட்டத்தில் தேடி வந்தார். "சனிக்கெழம உங்க கூடத்தானுங்க இருந்தாரு. ஏதாச்சும் முடியலீன்னு சொன்னாருங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலீங்க. நல்லாத்தான் இருந்தாரு," என்றேன். அந்தம்மா அதை நம்பி, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

இதை எழுதுவதும் அதே பெஞ்சில் உட்கார்ந்துதான். இப்போது தண்ணீர் அறைக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவசரக்காரர். இன்று காலை குழாயைத் தூக்கி, "கலர் இல்லீங்க, சரின்னு சொல்லுங்க பெரியவரே," என்றார். என் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. மூச்சு பாதி வழியில் நிற்கிறது. பின்னால் நீங்கள் ஐந்து பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சரி என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? குழாயைப் பார்த்தேன். பலமுறை துவைத்து வெளிறிய ரோஸ் துணியின் நிறம். இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத்தான். ஆனால் இருந்தது. "ரோஸுங்க," என்றேன். உங்களில் ஒருவர் என்னைப் பார்த்து, நீ என்ன டாக்டரா என்று கத்தினார். கத்துங்கள். நானும் தங்கவேலிடம் கத்தியவன்தான். வால்வு மூடித்தான் கிடக்கிறது. குளோரினை உறிஞ்ச வடிகட்டியில் போடும் கரி கோயமுத்தூரிலிருந்து மத்தியானம்தான் வருமாம். அதுவரை தாங்குவோமா என்று எனக்கும் தெரியவில்லை.

தங்கவேல் எனக்கென்று எந்தப் பொருளையும் விட்டுப்போகவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல் என்ற ஒன்றைத்தான் விட்டுப்போயிருக்கிறார். என் மூச்சு இருக்கும்போதே அதைச் சரியாகச் செய்துவிட வேண்டும்.

சரஸ்வதியம்மா, நான் உங்களிடம் பொய் சொன்னேன். சனிக்கிழமை காலை அவர் முகம் வெளுத்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. இடது தோளைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தேனுங்க.