அப்பாவுக்குச் சொல்லாத லேசர்

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நான் பெங்களூரில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. குவாண்டம் பொருட்கள் என்று சொல்லப்படும் படிகக் கற்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சினால், உள்ளே அணுக்களின் அடுக்கு மாறும். கண் இமைப்பதற்குள் பழையபடி திரும்பிவிடும். அதை அளப்பதுதான் என் வேலை. எங்கள் ஊர் இடைசெவலில் ஆடு மேய்க்கும் அப்பா, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். "லேசர்ப்பா. சொன்னா ஒங்களுக்குப் புரியாது" என்று முடித்துவிட்டேன்.

அடுத்த இரண்டு வருடம் ஊர்ப்பக்கம் போகவில்லை. போனபோது அப்பா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். கண் நரம்பு செத்துவிட்டது, முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் கோவில்பட்டி டாக்டர்.

"ஏம்ப்பா முன்னமே வரல?"

"கண்ணு முகாம்ல லேசர் வச்சா சரியாயிரும்னு சொன்னாவ, தாயி. எம் மவ அதத்தான படிக்கா, அவளே வந்து வைக்கட்டும்னு இருந்துட்டேன்."

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் ஆராய்ச்சியை முதன்முறையாக அவருக்கு விளக்கினேன்.

"அப்ப அந்தக் கல்லு பழையபடி ஆயிருமா?"

"ஆயிரும்ப்பா."

அவருக்கு எல்லாம் புரிந்தது. சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.