தம்பியை முந்தப் பறந்த எழுபது நிமிடம்

வெள்ளி, காலை 5.40. வெள்ளவத்தை.

யாழ்ப்பாணம் வடக்கே இருக்கிறது. விமானத்தில் போகிறவன் முதலில் தெற்கே போக வேண்டும். காலி வீதியில் யாழ்ப்பாண பஸ்களின் டிக்கெட் கந்தோர்கள் இன்னும் இரும்புக் கதவைத் தூக்கவில்லை. பதினைந்து வருடமாக அந்தப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே மூட்டையோடு நின்றவன், அவற்றை ஓட்டோவில் இருந்தபடி கடந்து போனேன். மடியில் ஏழு கிலோவுக்கு மேற்படாத ஒரு பை.

"ப்ளேன் எகடத, அய்யே?" என்று ஓட்டோக்காரர் கேட்டார், பிளேனுக்கா என்று. ஓம் என்பதைச் சிங்களத்தில் சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. இரத்மலானை விமான நிலையத்துக்கு ஆறரைக் கிலோமீற்றர், எண்ணூறு ரூபா.

உள்ளூருக்குள் பறக்க இந்த மலிவு விமானம் பெறுமதியா என்று எங்கள் தொடர்மாடியில் நாலு பேர் கேட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மணிக்கணக்கோடு எழுதுகிறேன். ஆனால் நான் ஏன் பறந்தேன் என்பதையும் சொல்லாவிட்டால் கணக்குப் பொய்யாகிவிடும்.

என்னையும் தம்பி கோபுவையும் வளர்த்தது அக்கா. கொக்குவிலில் தையல் மெசின் மிதித்து வளர்த்தார். இப்போது முழங்கால் முடியாமல், வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்கு வரச் சம்மதித்திருந்தார். எந்த வீட்டுக்கு என்று மட்டும் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் கோபுவின் வீட்டுக்கு லிஃப்ட் இருக்கிறது. என் வீட்டுக்குக் கடல் இருக்கிறது. கடல் பார்த்த அறையை ஒழித்து, என் கவிதைப் புத்தகங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, ஒரு மாதமாக அந்த அறையின் மின்விசிறியைத் தினமும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபு மாதம் ஒருமுறை பிளேனில் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வருவான். "காலமை போய்ப் பின்னேரம் வந்திட்டன் அண்ணை" என்பான். நான் வருடத்தில் மூன்று தடவை, பத்து மணித்தியாலம் பஸ்ஸில் முழங்காலை மடித்துக்கொண்டு போய், அக்காவின் வீட்டுப் படியில் அரைப்பிணமாக இறங்குவேன். அவன் இஸ்திரி குலையாத சேர்ட்டோடு போகிறவன். எனக்கு அந்த இஸ்திரி மடிப்பில்தான் முதலில் எரிந்தது.

செவ்வாய்க்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. மனைவிதான் கதைத்தாள்.

"மச்சாள் எடுத்தவ. ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிடுறாவாம். தம்பி வந்து கூட்டிக்கொண்டு போகட்டாம்."

தலையில் சவர்க்காரத்தோடு நின்றேன். தம்பி வரட்டாம். கூட்டிக்கொண்டு வருகிறவன் எங்கே இறக்குவான்? தன் லிஃப்டுக்குள்தான். அவனுக்கு முந்திப் போய், இறங்குவது என் வீட்டில் என்ற ஒரு சொல்லை அக்காவின் வாயால் வாங்கிவிட வேண்டும். அன்றே வெள்ளி போய் ஞாயிறு வர டிக்கெட் எடுத்தேன். ஒரு வழிக்கு இருபத்தோராயிரம். பஸ்ஸுக்கு மூவாயிரத்துச் சொச்சம். பிளேனுக்கு மலிவு டிக்கெட் என்றால் பெயரையும் நாளையும் மாற்ற ஏலாது, காசும் திரும்பாது. பொறாமைக்கு இந்த நிபந்தனைகள் எல்லாம் சின்ன எழுத்து.

காலை 6.15. இரத்மலானை.

"பையோட ஏறுங்கோ அங்கிள்" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. பன்னிரண்டு பேர் போகும் பிளேன், ஆட்களையும் நிறுக்கிறார்கள். எண்பத்தொன்று என்று எல்லோருக்கும் தெரியக் காட்டியது தராசு. கோபு மாதாமாதம் ஏறி நின்ற தராசு. அவன் எத்தனை கிலோ என்று கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். நிறையைப் பார்த்துத்தான் இருக்கையும் தருகிறார்கள். யன்னல் கேட்டேன், இறக்கைக்குப் பக்கத்தில் நடுவில் போட்டாள்.

ஏழரைக்கு வெளிக்கிட வேண்டியது, வடக்கே மழை என்று எட்டு நாற்பதானது. பக்கத்தில் இருந்தவர் புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா.

"அடிக்கடி போறீங்களா?" என்றேன்.

"மாசத்துல ரெண்டு தரம். பஸ்ஸுல போனா ஒரு நாள் நாசம். இதுல போனா காலம் மிச்சம்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மிச்சம் புடிச்ச காலத்த இப்பிடி உக்காந்து செலவழிக்கிற."

ஏறிய பிறகு எழுபது நிமிடம். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. புத்தளத்தின் உப்பளங்கள் யாரோ கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்த தட்டுகள் மாதிரி. பிறகு மன்னாரின் மங்கிய வெண்மை. பிறகு கடலா நிலமா என்று தானே முடிவெடுக்காத குடாநாட்டு நீர். யன்னலோரம் இருந்த நானாவின் தோளுக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். இவ்வளவு அழகையும் கோபு எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. காலமை போய்ப் பின்னேரம் வந்திட்டன் என்பது மட்டும்தான். பார்த்திருக்கவே மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

காலை 10.45. கொக்குவில்.

பலாலி விமான நிலையத்தில் இருந்து ஓட்டோவில் பதினைந்து கிலோமீற்றர், இரண்டாயிரத்து ஐந்நூறு. அக்கா முற்றத்தில் சாக்கு ஊசியால் ஒரு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். சுற்றி ஆறு மூட்டை. அதில் ஒன்று, போர்வையில் சுற்றிய தையல் மெசினின் தலை.

"நீ என்னண்டு இப்ப வந்தனீ? பஸ்ஸில நாளைக்கு விடிய வருவாய் எண்டெல்லே இருந்தனான்."

"பிளேனில வந்தனான். ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பிளேன்தான், டிக்கெட் கிடக்கு. ஏழு கிலோதான் கொண்டுபோக விடுவாங்கள்." சேர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். மடிப்புக் குலையவில்லை.

"என்ன அவசரம்?"

"தம்பிக்கு முந்தி வரவேணும் எண்டு."

"எந்தத் தம்பிக்கு?"

"தம்பிதானே உங்களைக் கூட்டிக்கொண்டு போறான்?"

அக்கா ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினார்.

"எட மடையா. எனக்குத் தம்பி நீ. அவன் சின்னவன். பிறந்த நாளில இருந்து சின்னவன். தம்பியை வரச்சொல்லு எண்டு உன்ர மனிசியிட்டத் தெளிவாத்தானே சொன்னனான்!"

அக்கா தம்பி என்றது என்னை. மனைவி அதை அப்படியே ஒப்புவித்தாள். என் காதுக்கு வந்து சேரும்போது அது என் தம்பியாகிவிட்டது. ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆள் மாறிவிட்டான். ஒரு வாழ்நாள் முழுக்க நான் காத்திருந்த அழைப்பு, சவர்க்கார நுரையோடு என் தலையில் இருந்து வழிந்து போயிருக்கிறது.

சாமிப்படத்துக்குப் பின்னால் இருந்து ரயில் டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினார். ஞாயிறு காலை, இரண்டு இருக்கை.

"யன்னல் பக்கம் கேட்டு எடுத்தது. சின்னனில யன்னலுக்கு அடிபடுவாய்."

"பிளேன் டிக்கெட்டை விடுறன் அக்கா, இருபத்தோராயிரம் போனாப் போகட்டும். ரயிலிலயே வாறன்."

"இருபத்தோராயிரத்தைக் காத்தில விடுறதோ? நான் எத்தினை சட்டை தைச்சால் அது வரும்? உனக்கு இப்பவும் கவிதைக்காரன்ர யோசனை." போனை எடுத்தார். "சின்னவன், இவன் பிளேனில வந்து நிக்கிறான்ரா, ஏழு கிலோவுக்கு மேல தூக்க மாட்டானாம். நீ பஸ்ஸில ஏறி வா. மூட்டை தூக்க ஆள் வேணும்."

போனுக்குள் கோபு சிரித்தது முற்றம் வரை கேட்டது.

சனி, காலை 7.10.

கோபு வந்து இறங்கினான். சேர்ட் கசங்கி, தலைமயிர் ஒரு பக்கம் படிந்து, இடுப்பில் கை வைத்தபடி.

"அண்ணை பிளேனில, நான் பஸ்ஸில. உலகம் தலைகீழாப் போச்சு. எனக்கு நாரியும் போச்சு."

மூன்றாவது ரயில் இருக்கை இல்லை, விடுமுறைக் காலம். மாறிக்கொள்வோமா, நீ பறக்கிறாயா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதில உன்ர பேர் கிடக்கு அண்ணை. எண்பத்தொரு கிலோவும் உன்ரதான்."

எண்பத்தொன்று என்பதை அவனுக்கு நானே சொல்லித் தொலைத்திருந்தேன். அக்கா அவன் இடுப்புக்கு நல்லெண்ணெய் பூசிவிட்டார். எனக்கு எங்கும் நோகவில்லை. பூச ஒரு இடம் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று முழுக்க மூட்டை கட்டினோம். எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று பின்னேரத் தேத்தண்ணியோடு கேட்டேன். "அது ரயிலில யோசிப்பம்" என்றார் அக்கா.

ஞாயிறு, காலை 9.30. பலாலி.

ஆறரைக்கு அவர்களை யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். யன்னல் பக்கம் கோபு. அக்கா மடியில் புட்டும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிய பார்சல் இரண்டு. வந்த அன்றே குசினியில் கத்தரிக்காய் கிடந்ததைக் கண்டிருந்தேன். கோபுவுக்குக் கத்தரிக்காய் வாய் கடிக்கும். அது எனக்காக வாங்கிய கறி. வாய் கடித்தாலும் அவன்தான் அதைச் சாப்பிட்டுக்கொண்டு போகப் போகிறான்.

தராசில் ஏறினேன். எண்பத்திரண்டு. ஒரு கிலோ கூட, அக்கா தந்த பனம்பழப் பினாட்டும் மிளகாய்த்தூளும். இந்த முறை யன்னல் தந்தார்கள். நேரத்துக்கே கிளம்பியது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக் கீழே ரயில் பாதையைத் தேடினேன். வவுனியாவுக்கும் மதவாச்சிக்கும் இடையில் எங்கேயோ ஊர்ந்துகொண்டிருப்பார்கள். விமானம் கரையோரமாகப் போனது, பாதை தெரியவில்லை. ஆயிரக்கணக்கான அடி உயரத்தில், குளிரூட்டிய காற்றில், கத்தரிக்காய்க் கறி மணத்தது.

பதினொன்றரைக்கு வீட்டில் இருந்தேன். மனைவி கடல் அறையின் மின்விசிறியைப் போட்டுவிட்டாள்.

கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். பையில் ஏழு கிலோவும், போகிற இடத்தில் ஒரு அலுவலும் மட்டும் என்றால் பறந்து போங்கள், பெறுமதிதான். கூட வர ஒரு ஆள் இருந்தால் அந்த எழுபது நிமிடம் விலை கூடியது. டிக்கெட்டில் அது எழுதியிருக்காது.

பின்னேரம் 2.50. வெள்ளவத்தை ஸ்டேஷன்.

கல்கிசை வரை போகும் ரயில். கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் கோட்டையிலேயே இறங்கியிருப்பார்கள். கோபு போனை எடுக்கவில்லை. கடல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து வரும் தண்டவாளத்தையே பார்த்து நின்றேன்.

வந்தது. மூன்றாவது பெட்டியில் இருந்து முதலில் தையல் மெசின் இறங்கியது. பிறகு மூட்டைகள். பிறகு கோபுவின் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா. என்னைக் கண்டதும், "அறை எந்தப் பக்கம்ரா, வெயில் விழாதே?" என்றார்.

நான் வென்றுவிட்டேன். அதைச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கோபு அக்காவின் காதில் ஏதோ ஒரு சொல் சொன்னான். ஒரே ஒரு சொல். இரண்டு பேரும் மேடையில் மூட்டைகளுக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன பகிடி?" என்றேன்.

"அது வவுனியாவில தொடங்கினது" என்றார் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. "இப்ப சொன்னா உனக்கு விளங்காது."

மெசினைத் தூக்கினேன். ஏழு கிலோவுக்கு எவ்வளவோ மேலே இருந்தது.