பதினெட்டுப் பங்கும் ஒரு லீவர் துவக்கும்

என்னுடைய துவக்கைப் பெரிய தோட்டாவுக்கு மாற்ற வேண்டி வந்ததற்கு ஒரே காரணம் என் கணவரின் வாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

நான் டென்மார்க்கில் பிராண்டே என்கிற ஊரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. என்னோடு வேலை செய்கிற டெனிஷ்காரரில் பாதிப் பேர் வேட்டைக்காரர். கோப்பி இடைவேளை முழுக்க மானும் நாயும் மழைச் சப்பாத்தும்தான் கதை. கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை பிடித்து, வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, வேட்டை அனுமதி எடுத்துவிட்டேன். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். உனக்கென்ன விசரோ?" என்று தங்கை தொலைபேசியில் ஏசினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முதல் நாள் துவக்கைக் கையில் வாங்கியபோது நானும் உடனே மேசையில் திரும்ப வைத்துவிட்டேன். ஆனால் இந்தத் துவக்கு என் வீட்டு இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. திறப்பு என்னிடம் இருந்தது. அந்த வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கடையில் இருந்த மற்றத் துவக்குகளை நான் பிடித்தால் உலக்கை தூக்கியதுபோல இருந்தது. இதன் நீளம் கட்டை. விசைக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் வெற்றுக் கோது வெளியே பறந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறும். கவ்போய்ப் படங்களில் குதிரையில் இருந்தபடி செய்வார்களே, அதுதான். என் கைக்கு அளவாக அதன் பிடியைக்கூட வெட்டிக் குறைத்து வைத்திருந்தேன். இரண்டு வருடத்தில் இரண்டு சின்ன மான் அடித்தேன். அந்த இரண்டாவது மானின் கறியில்தான் சனி பிடித்தது.

என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. தங்கமான மனிதர். ஆனால் எங்கள் சனத்துக்குள் அவருக்குப் "புளுகர்" என்று பட்டம். வாற வருசம் எல்லாரையும் பஸ் பிடித்து நோர்வேக்குக் கூட்டிப் போவேன் என்பார். கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் இறக்குவேன் என்பார். எதுவும் நடக்காது. ஒருவருக்கும் கெடுதல் நினைத்துச் சொல்வதில்லை. எதிரே நிற்கிற முகம் மலர்வதைக் கண்டால் வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

அந்த மான் கறியை ஒரு பிறந்தநாள் விழாவுக்குக் கொண்டுபோய், எல்லாரும் புகழ்ந்துகொண்டிருந்தபோது அங்கே பங்கு அண்ணையைக் கண்டார். ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை அடித்து, ஈரல், எலும்பு, குடல் என்று எல்லாவற்றையும் சமமாகப் பிரிப்பார்களே, அந்தப் பங்கை இங்கேயும் விடாமல் நடத்துகிறவர் அவர். அவரிடம் போய் என் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "அண்ணை, இந்த முறை ஆடு வேண்டாம். என்ர மனிசி மான் அடிப்பா. எல்லாருக்கும் சும்மா பங்கு தாறம்" என்றிருக்கிறார்.

அன்று ஆறு வீடு. அடுத்த கிழமை பதினொன்று. தூரத்து ரண்டர்ஸ் நகரில் இருந்தும் ஒரு குடும்பம் கேட்டதாம். கடைசியில் பதினெட்டில் வந்து நின்றது.

"சின்ன மானைப் பதினெட்டாப் பிரிச்சால் ஆளுக்கு ஒரு கரண்டிதான் வரும்" என்றேன்.

"அப்ப பெரிசா அடியுமன். மரை மாதிரி ஒரு சாமான் இஞ்ச நிக்குதாமே."

நின்றது உண்மைதான். கிரோன்யோர்ட் என்பார்கள், சிவந்த பெரிய மான். ஆனால் அதைச் சுட இந்த நாட்டுச் சட்டம் கேட்கிற பலம் என் தோட்டாவுக்கு இல்லை. அதைச் சொன்னேன்.

"தோட்டாவை மாத்தினால் சரிதானே" என்றார், பல்பு மாற்றுகிறதுபோல.

மூன்று நாள் அவரோடு நான் கதைக்கவில்லை. நாலாம் நாள் தமிழ்க் கடையில் இரண்டு பேர் அவர் முதுகுக்குப் பின்னால், "புளுகற்ற மான் எப்பவாம் வருது?" என்று கேட்டுச் சிரித்தது என் காதில் விழுந்தது. மிளகாய்த்தூள் பையைத் தூக்கி எறிந்துவிடலாம் போல இருந்தது. அவரை நான் ஏசலாம். மற்றவர்கள் எப்படிச் சிரிக்கலாம்? இந்த ஒரு தடவையாவது மனிதர் சொன்னது நடக்க வேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

துவக்குத் திருத்துகிற பெண் ஆறடி உயரம். மேசையில் ஒரு கோப்பிக் குவளை, பக்கத்தில் ஒரு கட்டைக்கால் நாய். என் துவக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதே உடம்பில் துவக்குத் தொழிற்சாலையே பெரிய தோட்டாவுக்கும் ஒன்று செய்வதால் மாற்றலாம். ஆனால் குழல் புதிதாகப் போட வேண்டும், உள்ளே சில பாகங்கள் மாற்ற வேண்டும், சோதித்து முத்திரை குத்த வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் பொலிஸ் அனுமதி வேண்டும் என்றாள். புதுத் துவக்கு வாங்குவது சுலபம் என்றும் சொன்னாள். எனக்கு இதுதான் வேண்டும் என்று நின்றேன்.

அவள் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். பார்வை பயணம் செய்ய அதிக தூரம் இருக்கவில்லை. "துவக்கு தாங்கும். நீ தாங்குவாயா?" என்று கேட்டாள்.

தாங்குவேன் என்றேன். புளுகு தொற்றுநோய் போலும்.

எத்தனையோ கிழமைக்குப் பிறகு துவக்கு வந்தது. சுடப் பழகுகிற இடத்துக்குக் கணவரும் வந்தார். காதுக்கு மூடி கொடுத்தார்கள். அதற்குள் பஞ்சும் அடைத்துக்கொண்டு, காருக்குப் பின்னால் நின்று பிள்ளையாரைக் கூப்பிட்டார். நான் விசையை அழுத்தினேன். மாடு இடித்ததுபோல இருந்தது. கண்ணாடி எங்கோ போனது, நான் புல்லில் இருந்தேன். குறி மட்டும் நடுவில் பட்டிருந்தது. "இன்னொருக்கா!" என்று டெனிஷ்காரர் கை தட்டினார்கள். அன்று பன்னிரண்டு தடவை சுட்டேன்.

மறுநாள் ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சடங்கு. சேலைத் தலைப்பு இடத்தோளில் கிடக்கும். துவக்கு இடித்தது வலத்தோள். சட்டை ஓரத்துக்கு வெளியே கத்தரிக்காய் நிறத்தில் கன்றியது எல்லார் கண்ணிலும் பட்டது. பெண்கள் என் தோளைப் பார்ப்பதும் என் கணவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். "துவக்கு அடிச்சது, நான் இல்லை!" என்று அவர் வீடியோக்காரருக்குக்கூட விளக்கினார். ஒருவரும் நம்பவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து சோறு புரையேறியது.

இலையுதிர்காலத்தில் வேலையிடத்து வேட்டைக் குழுவோடு காட்டுக்குப் போனேன். பத்துப் பேர். குத்தகைக்கு எடுத்த ஊசியிலைக் காடு. மழைக்குள் மூன்று மணி நேரம் இருந்த பிறகு, சத்தமே இல்லாமல் ஒரு பெரிய பெண் மான் வந்து பக்கவாட்டில் நின்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஈரலைப் பதினெட்டாக எப்படி வெட்டுவது என்று நினைத்தேன். பிறகு வெட்கப்பட்டு, மூச்சைப் பிடித்துச் சுட்டேன். இரண்டு அடி எடுத்து வைத்து விழுந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அழுதேன். தோள் நோவும் சந்தோஷமும் பாவமும் எல்லாம் சேர்ந்த அழுகை.

கை குலுக்கினார்கள். சுட்டவருக்குச் செய்கிற வழக்கப்படி தொப்பியில் ஊசியிலைக் கொப்பொன்று செருகினார்கள். "விழுந்திட்டுது!" என்று கணவருக்குச் சொன்னேன். பதினைந்து நிமிடத்துக்குள் பதினெட்டு வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் குழுத் தலைவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "சரி, பத்துப் பங்கு" என்றார்.

யார் சுட்டாலும் இறைச்சி பத்துப் பேருக்கும் சமம். வேட்டைப் பருவத் தொடக்கத்தில் நான் கையெழுத்து வைத்த தாளிலேயே எழுதியிருந்ததாம். வாசிக்காமல் கையெழுத்து வைத்தவள் நான். முன்பெல்லாம் என் மானை யாரும் பிரித்ததில்லை. அவ்வளவு சின்னது என்று எனக்கே விட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பங்கை இந்த வெள்ளைக்காரர் எங்கே படித்தார்களோ! ஒரு முன்தொடை, கொஞ்ச விலா, சுட்டவள் என்பதால் ஈரல். அவ்வளவோடு வீட்டுக்கு வந்தேன்.

கணவர் பையைப் பார்த்தார், வெளியே காரைப் பார்த்தார், திரும்பப் பையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. "நான் என்னத்தைச் சொல்ல?"

"உள்ளதைச் சொல்லுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு வீட்டுச் சனமும் சட்டி, பெட்டி, பைகளோடு வந்து குவிந்தது. என் கணவர் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், நடந்ததைச் சொன்னார். அவர் அப்படிக் கதைத்து நான் கேட்டதே இல்லை.

முதலில் சிரித்தவர் பங்கு அண்ணை. "சரி, பகிடி காணும். மிச்சத்தை எந்த பிறீசருக்க வைச்சிருக்கிறீர்?"

எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு பேர் போய் பிறீசரைத் திறந்தே பார்த்தார்கள். முருங்கையிலையும் மீன்தலையும் இருந்தன. இன்னொருவர் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். "சத்தியமா அண்ணை, அவ்வளவுதான்" என்றார் இவர். காது இரண்டும் சிவந்துவிட்டன. சிரிப்பு இன்னும் கூடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. கறியில் உப்புக் கூடினால் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றேன்.

"மான் முழுக்க எனக்குத்தான் தந்தவை. இவர்தான், 'காட்டில எல்லாரும் குளிரில நிண்டிருக்கினம், அவையளுக்கும் குடும்' எண்டவர். வெளியில சொல்லவும் வேண்டாம் எண்டவர். இப்ப பிறீசரைப் பூட்டிப்போட்டு வந்து இருங்கோ. கறி ஆறுது."

சொல்லச் சொல்ல நம்பினார்கள். பங்கு அண்ணை எழும்பி வந்து இவருடைய கையைப் பிடித்தார். அந்த ஒரு தொடையில் முக்கால்வாசி உருளைக்கிழங்கு போட்டு நான் வைத்த கறியில் ஆளுக்கு இரண்டு துண்டு வந்தது. குறை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

எல்லாரும் போன பிறகு அவர் சட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"நீர் சொன்னது முழுப் பொய்" என்றார்.

"ஓம்."

தண்ணீரை நிறுத்தினார். என் பக்கம் திரும்பாமலே, "ஆனா, நான் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆள்தானே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். அது பொய்யில்லை.