வானம்பாடி இறங்கிய பிறகு

போன தீபாவளி முடிந்து, நானும் என் கணவரும் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டிருந்த சமயம். மதுரையில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் பறவை பார்ப்பதென்றால் பைத்தியம். தோழியிடம் ஒரு கூடாரத்தை இரவல் வாங்கிவந்து, எங்கள் இரண்டு பேரையும் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "வீட்ல மொட்டை மாடி இல்லையா, பொட்டக்காட்டுல போய்த்தான் படுக்கணுமா?" என்று முனகிக்கொண்டேதான் புளியோதரை கட்டினேன்.

உடைமரமும் காய்ந்த புல்லுமாக ஒரே பொட்டல். ராத்திரி கொசு பிடுங்கி எடுத்தது. ஆனால் விடிந்ததும் தண்ணீர் ஓரமெல்லாம் நாரையும் கொக்குமாக நின்றதைப் பார்த்து எனக்கே வாயடைத்துப் போனது.

மகள் வானத்தைக் காட்டினாள். சின்னக் குருவி ஒன்று கீச்சுக்குரலில் பாடிக்கொண்டே மேலே மேலே போனது. வானம்பாடியாம். "கேக்குதாப்பா?" என்றாள்.

"கேக்குது, கேக்குது. நல்லாத்தான் பாடுது" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

கொஞ்ச நேரத்தில் குருவி பாட்டை நிறுத்திவிட்டுப் புல்லுக்குள் இறங்கிவிட்டது. மகளும் கேமராவோடு அதன் பின்னால் போய்விட்டாள். இவர் மட்டும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி அண்ணாந்தபடியே, "இன்னும் நிறுத்தலையே, பாத்தியா!" என்றார்.

எனக்குத் திக்கென்றது.

கம்பெனியில் அவருக்கு, சரக்கு சரியாக வெடிக்கிறதா என்று கொளுத்திப் பார்க்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான். காதில் பஞ்சு வைத்தால் சத்தத்தின் தரம் தெரியாது என்பார். எங்கள் வேலையில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அதனால் எனக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. குக்கர் விசிலடித்தாலும் அசையமாட்டார். "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று நான் ஏசாத நாளில்லை.

பக்கத்தில் போய், "எம்புட்டு நாளாங்க கேக்கல?" என்றேன். முதலில் மழுப்பினார். பிறகு மெதுவாக, "பாப்பாட்ட சொல்லிராத. தெரிஞ்சா வேலைய விடச் சொல்லுவா. அவ படிப்பு முடியட்டும்" என்றார்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மகளிடம் நான்தான் சொன்னேன். அழுது தீர்த்துவிட்டாள். இப்போது அவர் கம்பெனியில் பேக்கிங் பக்கம் மாறிவிட்டார்.

மகள் மனசு வாடக்கூடாதென்று காதில் விழாத பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்ற மனிதரை, வேண்டுமென்றே காதில் வாங்காமல் இருக்கிறார் என்று அத்தனை வருடம் ஏசியிருக்கிறேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.