ஜாயின் வாத்தியாருக்குச் சரியான சொல் கிடைத்த கதை

குழாயைக் குழாயோடு சேர்க்க அந்த ஊரில் ஆள் உண்டு, ஒயரை ஒயரோடு சேர்க்கவும் ஆள் உண்டு. சேர்ப்பதைப் பற்றிப் பேசியே பிழைப்பு நடத்தியவர் ஒரே ஒருவர்தான். பெயர் ஜாயின் வாத்தியார். தையல் கடைக்கு மேலே ஓர் அறை, ஆட்டம் காணும் பெஞ்சுகள், ஒரு வெள்ளைப் பலகை. ஆங்கிலம் பேசக் கற்றுத்தரப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது. அங்கே படித்து யாராவது பேசினார்களா என்று கேட்டால், பாவம், அவர்கள் இன்னும் முதல் வினைச்சொல்லைத் தாண்டவில்லை.

அந்தச் சொல்தான் 'ஜாயின்'. அதையும் அதன் பங்காளிகளையும் வாத்தியார் கரைத்துக் குடித்திருந்தார். சின்னது பெரியதோடு ஒட்டிக்கொண்டால் 'அட்டாச்'. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழி உண்டானால் 'கனெக்ட்'. இரண்டும் தங்கள் அடையாளம் கரைந்து ஒன்றானால் 'மெர்ஜ்'. வகுப்பில் ஒரு சட்டமும் வைத்திருந்தார். எந்தக் கேள்வியானாலும் அதற்குரிய சொல் சரியாக அமைந்த பிறகுதான் பதில். பின்பெஞ்சு பிளம்பர் ஒருமுறை அவசரமாக வெளியே போக வேண்டும் என்று எழுந்து நின்றார். அனுமதி கிடைப்பதற்குள் அவர் பட்ட பாட்டை அவரே சொல்லக் கூச்சப்படுவார்.

வீட்டில் நிலைமை வேறு. வெளியூரிலிருந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அப்பா அம்மா இருவரும் தன்னோடு வந்து இருந்துவிடும்படி அவள் கூப்பிட்டாள். வாத்தியாரின் மனைவி மருந்துக்கடை வேலையை விட்டாள், பாத்திரங்களைப் பெட்டியில் கட்டினாள், கிளம்பலாமா என்று கணவனைக் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார். மறுபடி கேட்டாள். "யோசிக்கணும்" என்றார். மனுஷன் யோசித்து முடிப்பதற்குள் பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் அவள் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு சாயங்கால பஸ்ல நான் போறேன். வந்தீங்கன்னா சேர்ந்து போவோம். வரலேன்னா இதுக்கப்புறம் கூப்பிட மாட்டேன், நானும் திரும்பி வர மாட்டேன்."

வாத்தியார் வகுப்புக்குப் போனார். வேறு எங்கே போவார்?

பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அவள் மாடி ஏறி வந்தாள். அத்தனை வருஷத்தில் அந்த அறை வாசலில் அவள் நின்றது அதுவே முதல் தடவை. மூச்சு வாங்கியது.

"ஏங்க, வர்றீங்களா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தை என்று அவள் கேட்டிருக்கவே கூடாது. வாத்தியாரின் முகம் மலர்ந்தது. மார்க்கரைத் திறந்தார்.

"எல்லாரும் கவனிங்க. இவங்க போறாங்க. நான் இவங்களோட போனா, அதுக்கு என்ன வெர்ப்?"

"ஜாயின், சார்" என்றாள் முன்பெஞ்சில் படிக்கும் நர்ஸ்.

"தப்பு. ஜாயின்னு சொன்னா, அவங்க முதல்ல போயிருப்பாங்க, நான் பின்னாடி போய்ச் சேருவேன்."

"அட்டாச்?" என்றார் பிளம்பர்.

"சின்னதுதான் பெரியதோட அட்டாச் ஆகும். எங்க ரெண்டு பேர்ல யார் சின்னது?"

வகுப்பு சிரித்தது. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. யாரோ 'யுனைட்' என்றார்கள். "நாங்க என்ன ரெண்டு தேசமா?" என்று கேட்டு அதையும் அடித்தார். 'மெர்ஜ்' வந்தது. அதற்குத் தனியாக ஒரு பிரசங்கமே நடந்தது. பலகை நிறைந்து, அழிந்து, மறுபடி நிறைந்தது. இறுதியில் அவரே பெரிய எழுத்தில் 'அக்கம்பனி' என்று எழுதினார். கிளம்பும்போதே கூடக் கிளம்புவது. இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் கிடையாது. வெற்றியோடு வாசலைப் பார்த்தார்.

வாசலில் யாரும் இல்லை.

"சார், அவங்க அப்பவே இறங்கிட்டாங்க" என்றாள் நர்ஸ். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்போ நான் சொன்ன ஜாயின்தானே சரி?" என்றாள்.

வாத்தியாருக்கு அப்போதுதான் பயம் வந்தது. உண்மையான பயம். கையில் மார்க்கரோடு இறங்கி, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் மனைவி. கனமான பையை மடியில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது.

"வர்றீங்களா?" என்றாள்.

ஏறி உட்கார்ந்திருக்கலாம். தலையையாவது ஆட்டியிருக்கலாம். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, பெருமை தாங்காமல் சொன்னார்:

"அந்த வார்த்தை கிடைச்சிடுச்சு."

 அவள் மடியிலிருந்த பையைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள்.