அளவு அனுப்புகிறவள்

செம்பாக்கத்தில் ஜான்சியைத் தெரியாத தாய்மார் குறைவு. பல்லாவரத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஏற்றுமதி கம்பெனிக்குக் காலர் தைக்கப் போனவள். எட்டு வருஷமும் காலர் மட்டுமே. ஒரு முழு உடுப்பைத் தன் கையால் முடித்துப் பார்க்க வேண்டும் என்ற வெறியில்தான் வேலையை விட்டாள். இன்று குழந்தைகளுக்கு வெள்ளை கவுன் தைத்து இணையத்தில் விற்கிறாள். ஞானஸ்நானம், பிறந்தநாள், புதுநன்மை, எதுவானாலும் சரி. லேஸ் மட்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான் வாங்குவாள். கடைக்காரன் கையெடுத்துக் கும்பிடும்வரை பேரம் ஓயாது.

அவள் கடையில் சின்னது, பெரியது என்ற பேச்சே கிடையாது. உயரம், மார்பு, இடுப்பு என்று மூன்று கட்டங்களில் அளவை எழுதிப் பணம் கட்டினால்தான் ஆர்டர் ஏறும். ஏசி மெக்கானிக்கான கணவன் பிரிட்டோ, மகள் ஷெரின் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் உண்டாக்கிக் கொடுத்த கடை அது.

அந்த ஷெரின் மூன்று வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த ஏப்ரல் பதினேழு, அவள் பிறந்தநாளன்று, கடைக்கு ஓர் ஆர்டர் வந்தது. பெயர் ஷெரின். விலாசம் இவர்கள் வீடு. நாலு வயதுப் பிள்ளையின் அளவு. பணமும் கட்டியாகிவிட்டது. பிரிட்டோவின் வேலை என்று ஜான்சி நினைத்தாள். மனுஷன் அழுவதற்கு இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான், கேட்டுச் சங்கடப்படுத்துவானேன் என்று பேசாமல் தைத்து பீரோவில் வைத்தாள்.

வருஷம் தவறாமல் வந்தது. பீரோவில் ஐந்து கவுன்கள் ஆயின. ஆறாம் வயதில் மட்டும் உயரம் மூன்று அங்குலம் கூடி, இடுப்பு ஓர் அங்குலம் குறைந்திருந்தது. நோயில் படுத்து எழுந்த பிள்ளைதான் அப்படி இளைத்து நெடுநெடுவென்று நிற்கும். ஜான்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. பிரிட்டோவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படித் தெரியும் என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டாள்.

இந்த மார்ச்சில், கடைக்குப் பணம் வாங்கிக் கொடுத்த செயலி மாதக் கடைசியோடு நிற்கப்போவதாகவும், வேறு செயலிக்கு மாறும்படியும் மெயில் வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பிரிட்டோ செல்லோடு உட்கார்ந்தான்.

“ஏங்க, பழச எடுத்துட்டா ஷெரின் ஆர்டர் வருமா?” வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

“அது உன் கையிலதான கீது. புதுசுலயும் போட்டுக்கோ.”

“நான் எங்க போட்டேன்? நீங்கதான வருஷா வருஷம் போடுறீங்க.”

பிரிட்டோ நிமிர்ந்தான். “நான் இல்ல ஜான்சி. நீதான் மனசு ஆறாம போட்டுக்கினு கீறன்னு நான் வாயே தொறக்கல.”

இருவரும் பழைய செயலியில் தேடினார்கள். மற்றவர்கள் கட்டிய பணத்துக்கு நேராக அவரவர் செல் நம்பர், வங்கிப் பெயர் எல்லாம் இருந்தன. ஷெரினின் ஐந்துக்கும் நேராக தேதி மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமை. 

“எடுக்கட்டா, வேணாவா?” என்றான் பிரிட்டோ.

ஆர்டர் வந்ததைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. இனி வராமல் போய்விடுமோ என்பதுதான் பயம். விட்டுவைத்தாலும் மாதக் கடைசியில் அது தானாக நின்றுவிடும். “எடுங்க” என்றாள். பிரிட்டோ பழையதை எடுத்தான். புதுச் செயலி கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே டிக் போட்டான்.

ஏப்ரல் பதினேழு வந்தது. இருந்திருந்தால் ஷெரினுக்கு ஒன்பது வயது. அவளோடு ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்துத் தெரு பியூலா வீட்டுப் பெண்ணுக்கு வரும் ஞாயிறு புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளிக்கிழமையாக இருந்தும் ஜான்சி சந்தைக்குப் போகவில்லை. காலையிலிருந்து செல்லையே பார்த்திருந்தாள். மதியம் தாண்டியும் ஒன்றும் வரவில்லை. சரி, நாமே தைத்துவிடுவோம் என்று வெள்ளைத் துணியை விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தவள் அப்படியே நின்றாள். எவ்வளவு உயரம் வெட்டுவது? பிள்ளை இந்த வருஷம் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. துணியின்மேல் கவிழ்ந்து அழுதாள்.

மூன்றே முக்காலுக்குச் செல் ஒலித்தது. பெயர் ஷெரின். புதுநன்மை கவுன், கிரீடமும் தலையில் போடும் நெட்டும் சேர்த்து. மூன்று அளவுகளும் இருந்தன. பணம் மட்டும் கட்டவில்லை. அந்த இடத்தில், இதுவரை எந்த ஆர்டரிலும் வராத வரி ஒன்று இருந்தது. பிரிட்டோ படிக்காமல் போட்ட டிக் ஒன்று திறந்துவிட்ட வழி அது.

‘நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன். பணம் கையில். ஞாயிறு காலை.’

சனிக்கிழமை ராத்திரி பிரிட்டோ வழக்கம்போல வாசல் கம்பிக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடப் போனான். ஜான்சி கிரீடத்தில் கடைசி மணியைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

“போடாதீங்க” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “மேல் தாப்பா அவளுக்கு இன்னும் எட்டாது. அளவு பாத்துட்டேன்.”