என் கையில் கட்டிய பட்டை

மல்காஜ்கிரி வீட்டில் காலை காபி முடிந்ததும் என் கணவர் பிரஷர் மெஷினைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். "உன் கையைக் குடு," என்பார். பட்டையை என் கையில் சுற்றி, மெஷின் காட்டும் எண்ணை மொபைலில் படம் பிடித்துக்கொள்வார். இத்தனை வருஷம் கழித்தாவது என்மேல் அக்கறை வந்ததே என்று பூரித்துப்போனேன். பைத்தியக்காரி.

பிரஷர் அவருக்குத்தான். தொப்பையும் அவருக்குத்தான். குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது, நான்தான் கட்டிவிட வேண்டும். அமீர்பேட் ஆபீஸிலிருந்து வந்ததும் பீர், தொட்டுக்கொள்ளப் பொரித்த கோழி. ஒன்றில் ஆரம்பிப்பார், ஒன்றில் நிற்காது. கேட்டால், "பீரெல்லாம் ஒரு சரக்கா? நக்கோ, வேணாம், சும்மா தொணதொணக்காத," என்பார். டாக்டர் டேப் வைத்து அவர் இடுப்பை அளந்துவிட்டுச் சொன்னாராம். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பே பிரஷரை ஏற்றும், குடி அதை இன்னும் ஏற்றும், தொப்பையையும் வளர்க்கும், வெறும் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்று. தினமும் வீட்டில் பார்த்து அளவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாராம். அது எனக்குத் தெரியாது.

போன வாரம் அவரோடு நானும் போனேன். டாக்டர் பார்த்தபோது பிரஷர் எகிறிக் கிடந்தது. ஆனாலும் டாக்டர் பதறவில்லை. வீட்டில் எடுக்கும் அளவெல்லாம் நன்றாக இருக்கிறதே, இங்கே வந்தால் பயத்தில் ஏறுகிறது போலிருக்கிறது, மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் மேஜையில் நீட்டிய என் கை நினைவுக்கு வந்தது.

"அதெல்லாம் என் கைங்க, டாக்டர்," என்றேன்.

மாத்திரை கூடியது. டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வீடு வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பட்டையை நானே அவர் கையில் சுற்றினேன். எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னைலேர்ந்து பீர் வேணாங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"மெஷின் கெட்டுப்போச்சு," என்றார். "நம்பலைன்னா உன் கையில வச்சுப் பாரு."

எப்போதும் போல நன்றாகத்தான் காட்டும், அதைக் காட்டியே அவர் வாயை அடைத்துவிடலாம் என்று கையை நீட்டினேன். முந்தின இரவு நான் கண்ணை மூடவே இல்லை. என் அளவும் முதல்முறையாக ஏறியிருந்தது.

"ஹவ், ஆமா, பாத்தியா? மெஷின்தான்," என்று சிரித்தார்.

அன்று சாயங்காலம் நிம்மதியாகப் பாட்டிலைத் திறந்தார்.